வீட்டுக்கு ஒரு மூட்டை

கடம்பனேரிக்குக் கரை ஒரு பக்கம்தான். கிழக்கே பிறை போல் வளைந்த மண்கரை. மேற்கே கரை கிடையாது. அங்கே நிலம் மெல்ல மேடேறும். தண்ணீர் எங்கே வந்து நிற்கிறதோ அதுதான் அந்த ஆண்டுக்கு ஏரியின் எல்லை.

கிழக்கே, கரைக்குக் கீழே இருக்கும் ஊருக்கும் கடம்பனேரி என்றே பெயர். ஏரித் தண்ணீரில் பயிர் வைக்கும் ஊர். மேற்கே இருதயபுரம். ஏரி நிரம்பினால் நனையும் ஊர். அமலோற்பவமேரி இருதயபுரத்தில் பிறந்து கடம்பனேரியில் வாழ்க்கைப்பட்டவள். புகுந்த ஊரில், ஏரி நிரம்பி வழியும் கலங்கலில் நின்றால் தண்ணீருக்கு அப்பால் பிறந்த ஊரின் மாதா கோயில் கோபுரம் தெரியும். போக வேண்டுமானால் திண்டிவனம் சாலையைத் தொட்டு ஏரியைச் சுற்ற வேண்டும். ஸ்கூட்டியில் முக்கால் மணி நேரம்.

செவ்வாய்க்கிழமை மாலை அவளுடைய அப்பா இறந்தார். தம்பி இருதய அருண் குவைத்திலிருந்து வர வேண்டும். வியாழன் காலையில்தான் வந்து சேர்வான். அதுவரை உடலை வைக்கத் திண்டிவனத்திலிருந்து ஐஸ் பெட்டி வந்தது.

புதன் காலையில் மேரி கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். பெரியப்பா மகன் லூர்துசாமி அவளுக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். கைலியை மடித்துக் கட்டியிருந்தார். கணுக்கால் வரை சேறு.

தோட்டம் சரிவில் இருந்தது. பழைய கல்லறைகள் தாழ்வில், ஏரியின் பக்கம். முதல் வரிசைச் சிலுவைகளின் தலைகள் மட்டும் தெரிந்தன. கல்லறைத் திருநாள் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அன்று அடித்த சுண்ணாம்பு தண்ணீருக்குள் வெள்ளையாகக் கிடந்தது. காய்ந்த சாமந்தி மாலைகள் சிலுவைகளைச் சுற்றி மிதந்தன.

"நேத்து சாயங்காலம் மொத வரிசையிலதான் இருந்துச்சு," லூர்துசாமி சொன்னார். "இப்ப ரெண்டாவது வரிசைய முட்டிக்கினு நிக்குது."

அம்மாவின் கல்லறை மூன்றாவது வரிசையில் இருந்தது. நீலச் சிலுவை. இருதயபுரத்தில் கணவன் மனைவிக்கு ஒரே குழி. முதலில் போனவரின் எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைத்துவிட்டு, பின்னால் போகிறவரைக் கிடத்துவார்கள். அப்பா திருநாளுக்குத் திருநாள் அந்தக் குழியைக் காட்டுவார். இந்த ஆண்டும் காட்டினார். எனக்கு இங்கதான், வேற எங்கனா வெச்சீங்க, ராத்திரில எழுந்து வந்து நானே படுத்துப்பேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"நாளைக்கு?" மேரி கேட்டாள்.

"நாளைக்கு சித்தி கால நனைக்கும். தோண்டினா ஊத்து வுடும். பொட்டி மெதக்கும்."

"ஃபாதர் இன்னா சொல்றாரு?"

"மேட்டுல புது வரிசை ஆரம்பிச்சுக்கலாம்ன்றாரு. அவருக்கு இன்னா, அவரு சொந்தம் எல்லாம் பாண்டில பொதச்சிருக்காங்க."

மேரி தண்ணீரைப் பார்த்தாள். அலை இல்லை. புல்லின் அடியில் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

"எல்லாம் ஒங்க ஊர்க்காரனுங்க கலங்கல்ல அடுக்கின மூட்ட பண்ற வேல," லூர்துசாமி சொன்னார். "அத்த எடுத்தானுங்கன்னா ராவோட ராவா எறங்கிடும். ஒங்க வூட்டு மூட்டையும் அதுல இருக்குதா?"

"இருக்குண்ணே."

"பலே. மாமனாருக்கு மாப்ள மண்ணு மூட்டையில மால போட்டுட்டாரு."

இருதயபுரத்தில் எல்லாவற்றுக்கும் மூட்டைதான் காரணம். வயலில் தண்ணீர் ஏறினால் மூட்டை. கொல்லையில் மல்லாட்டைக் கடலை அழுகினால் மூட்டை. வீட்டுச் சுவர் ஓதம் காத்தால் மூட்டை. மேரி அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். தண்ணீர் ஏறி வருவதையும் பார்த்து வளர்ந்தவள். அதை யாரும் திறந்துவிட்டு அவள் பார்த்ததில்லை. அது சித்திரையில் தானாகப் போகும்.

வீட்டுக்குத் திரும்பினாள். ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்திருந்தது. அருணின் மனைவி பிரின்சி அதைத் துடைக்கப் போய், வெளியே ஈரம் இல்லை என்று தெரிந்து கையை எடுத்தாள். மேரி ஸ்கூட்டிச் சாவியை எடுத்ததைப் பார்த்தாள்.

"எங்க போறீங்க அண்ணி? சாவு வூட்ட வுட்டுட்டுப் பொண்ணு வெளிய போவலாமா?"

"ஜல்தி வந்துடறேன். கோயில்ல கேட்டா குளிக்கப் போயிருக்கேன்னு சொல்லு."

"இந்நேரத்துல யாரு குளிப்பாங்க?"

மேரி வண்டியை எடுத்துவிட்டாள்.

கலங்கல் என்பது ஏரியின் மிகை நீர் வழியும் கல்வரிசை. கரையின் வட கோடியில் இருக்கிறது. கருங்கல்லைப் பொருத்திக் கட்டியது. யார் கட்டியது என்று தெரியாது. தொடக்கத்தில் நிற்கும் தூணில் ஒரு மீன் செதுக்கியிருக்கிறது, வாய் மேலே பார்க்க. ஒருமுறை கல்லூரியிலிருந்து சிலர் வந்து மாவு தடவிப் படம் எடுத்தார்கள். எந்த அரசன் காலம் என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. சாப்பிடாமல் போய்விட்டார்கள்.

ஊருக்கு மீனின் காலம் முக்கியமில்லை. வாய்தான் முக்கியம். செஞ்சி மலைகளில் மழை பெய்து, ஆற்றிலிருந்து பிரியும் கால்வாய் ஏரியை நிரப்பி, மீனின் வாய் நனைந்தால் மூட்டை வைக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு மூட்டை. யூரியா சாக்கில் மண். சாக்கின் மேல் வீட்டுக்காரர் பெயர். கலங்கலின் தலையில் ஒரே வரிசையாக அடுக்குவார்கள். அந்த ஒரு வரிசை உயரத்துக்கு ஏரியில் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும். தைக்குப் பின் நவரைப் போகத்தில் இன்னொரு நடவு நடலாம்.

ஒரு வீட்டு மூட்டையை இன்னொரு வீடு தொடக்கூடாது. எடுக்கவும் கூடாது, வைக்கவும் கூடாது. முன்னொரு காலத்தில் தொட்டதால் வெட்டு விழுந்ததாம். தன் மூட்டையைத் தான் எடுக்கலாம். ஆனால் தை பிறக்கும் முன் எடுத்த வீட்டுக்கு அந்தப் போகத்தில் வயலுக்குத் தண்ணீர் விடும் மடையைத் திறக்க மாட்டார்கள். இதுவரை யாரும் எடுத்ததில்லை.

மேரி வந்தபோது கலங்கலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பாசன சங்கத் தலைவர் வெங்கடாசலம் மீன் தூணில் சாய்ந்திருந்தார். மேரியின் கணவர் சவரிநாதன், மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றேன் என்று சாவு வீட்டிலிருந்து காலையில் கிளம்பியவர், அங்கே நின்றார். அன்று அவருடைய காவல் முறை.

"வாம்மா," வெங்கடாசலம் நிமிர்ந்தார். "கேள்விப்பட்டோம். நல்ல மனுஷன். நாங்கள்லாம் நாளைக்கு வர்றோம்."

"தலைவரே, ஒரே ஒரு நாள். நாளைக்கு மதியானம் வரைக்கும் மூட்டைங்கள எடுத்துடுங்க. எங்கம்மா குழி முழுகப் போவுது. அப்பாவ வெச்சுட்டு வந்து நானே எல்லாத்தையும் அடுக்கறேன்."

மூட்டைகளின் இடுக்கில் தண்ணீர் கசிந்து கல்லில் இறங்கியது.

"ஒரு நாள்ல போற தண்ணி வராதும்மா," வெங்கடாசலம் சொன்னார். "போன வருஷம் மீனு வாலுகூட நனையல. நெனப்பு இருக்குதா?"

"இருக்கு."

"ஆறு இன்னும் எத்தினி நாளு வரும்? ஒனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது."

களை பறிக்கிற கூட்டத்தைக் கூட்டிச் செல்லும் வீரம்மாள் கரைச் சரிவில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். "இருதயபுரத்து ஆளுங்களுக்கு மழ பேஞ்சாலும் மூட்டதான், பேயலன்னாலும் மூட்டதான். வயித்தால போனாக்கூட மூட்டதான்."

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

"சாவு வூட்டுக்காரி. வுடு வீரம்மா," என்றார் வெங்கடாசலம்.

"நான் இன்னா சொல்லிட்டேன்? அந்த மனுஷன் செத்ததுக்கு எனக்கும்தான் வருத்தம். தண்ணி வேற, வருத்தம் வேற."

மேரி கணவரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

சவரிநாதன் ஏரியைப் பார்த்தார். "எடுத்தாலும் எறங்காது மேரி. ஏரி எவ்ளோ பெருசு. ஆறு வேற வந்துக்கினு இருக்குது."

"எடுத்துப் பாத்தீங்களா?"

"யாரும் எடுத்ததில்ல."

"பின்ன எப்படித் தெரியும்?"

இறங்காது என்பது மனமில்லாதவர்கள் சொல்லும் பதில் என்று அவளுக்குத் தோன்றியது. இருபது வருடமாக ஒரே தட்டில் சாப்பிடுகிற மனிதர் எல்லோர் முன்னாலும் ஏரிப் பக்கம் நிற்கிறார்.

அவள் செருப்பைக் கழற்றினாள். கலங்கலில் இறங்கி நடந்தாள். கல் வழுக்கியது. இடது பக்கம் ஏரி, மூட்டைகளின் விளிம்பு வரை. பெயர்களைப் படித்துக்கொண்டே போனாள். வரிசையின் நடுவில் நீல மையில் சவரிநாதன் என்று இருந்தது. எழுதியது அவள்தான்.

"மேரி," சவரிநாதன் கூப்பிட்டார்.

அவள் குனிந்து சாக்கின் காதுகளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கல்லில் உட்கார்ந்து, இரண்டு காலையும் பக்கத்து மூட்டைகளில் படாமல் ஒடுக்கி வைத்து, மறுபடி இழுத்தாள். மூட்டை சாய்ந்தது. பிறகு உருண்டு கீழே விழுந்தது. சாக்கு கிழியவில்லை.

தண்ணீர் உடனே வந்தது. கதவைத் திறந்ததும் காத்திருந்த கூட்டம் வருவது போல. அவள் மடியை நனைத்துக்கொண்டு போயிற்று.

வீரம்மாள் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அவளுடைய மூட்டை பக்கத்தில்தான் இருந்தது. அது இடைவெளியின் பக்கம் லேசாகச் சாய்ந்தது. வீரம்மாள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "எம் மூட்ட போச்சுன்னா ஒன்ன வுட மாட்டேன்டி! ஒங்கப்பன் செத்ததுக்கு எங்க பயிரும் சாவணுமா?"

மேரி எழுந்து திரும்பி வந்தாள்.

"தெரிஞ்சுதான் பண்ணியா?" வெங்கடாசலம் கேட்டார். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம் இருந்தது.

"தெரிஞ்சுதான்."

"மட?"

"தெரியும்."

அவர் சவரிநாதனின் பக்கம் திரும்பினார். "சவரி, எடுத்து வெய்யி. அந்த எடத்துல வேற யாரும் வெக்க முடியாது. பொழுது போறதுக்குள்ள வெச்சின்னா எடுத்ததா எடுத்துக்க மாட்டோம். சாவு துக்கத்துல பண்ணிட்டான்னு நெனச்சுக்குவோம்."

சவரிநாதன் என்ன சொன்னார் என்று கேட்க மேரி நிற்கவில்லை. ஈரப் புடவையோடு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

அன்று பகல் முழுவதும் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜெபமாலை சொல்லும்போது நடுவில் எழுந்து போனாள். அனந்தபுரத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கட்டிப் பிடித்து அழுதபோது அவர்கள் தோளுக்கு மேலே கல்லறைத் தோட்டத்தின் பக்கம் பார்த்தாள். காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே தோட்டத்துக்கு நடந்தாள். தண்ணீர் விளிம்பில் ஒரு வேப்பங்குச்சியை நட்டாள். வீட்டுக்கு வந்தாள். மறுபடி போனாள். குச்சியின் அடி நனைந்திருந்தது. சரியாக விளிம்பில் நடவில்லை போலிருக்கிறது என்று, பின்னால் தள்ளி இன்னொன்று நட்டாள்.

"எறங்குதா?" லூர்துசாமி கேட்டார்.

"கொஞ்சம் நேரம் ஆவும்ல."

"ஆவும் ஆவும். அங்க எடுத்தது இங்க வந்து தெரியணும்ல."

மேற்கே செஞ்சிப் பக்கம் வானம் கருத்திருந்தது. மின்னல் சத்தமில்லாமல் வெட்டியது. மதியத்துக்குப் பிறகு இரண்டாவது குச்சியும் நனைந்தது.

வெயில் சாயும்போது கணவருக்குப் போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"கலங்கல்ல."

பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள்.

"வெச்சுட்டீங்களா?"

"இல்ல."

"தலைவரு?"

"இங்கதான் குந்திக்கினு இருக்காரு. பொழுது போறதுக்குள்ள வெச்சுடு, வெச்சுடுன்னு சொல்லிக்கினே இருக்காரு." கொஞ்சம் பொறுத்து, "வீரம்மாளும் எறங்கல. அந்த மூட்ட மேலயே சோறு துன்னுச்சு," என்றார்.

மேரி குச்சிகளைப் பார்த்தாள். முதல் குச்சியைக் காணோம். இரண்டாவது குச்சியைச் சுற்றித் தண்ணீர் நின்றது.

வெச்சுடுங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். மூன்று ஏக்கர். நாற்றுக்கு விதை வாங்கி வைத்தாயிற்று. மேற்கே சூரியன் மேகத்துக்குள் இருந்தது. பொழுது போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

"மேரி?"

"ராத்திரில எறங்கும்," என்றாள்.

"சரி."

"நீங்க எப்ப வர்றீங்க?"

"வர்றேன்," என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

வியாழன் காலையில் அருண் வந்தான். கழுத்தில் பயணத் தலையணை இருந்தது. அதைக் கழற்ற மறந்து பெட்டியின் மேல் விழுந்து அழுதான். பிரின்சி அதை மெல்ல உருவி எடுத்தாள். மேரி அவனை அழ விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள்.

தண்ணீர் மூன்றாவது வரிசையைத் தொட்டிருந்தது. அம்மாவின் நீலச் சிலுவையின் அடியில் புல் மிதந்தது. லூர்துசாமியும் நான்கு பேரும் மண்வெட்டியோடு நின்றார்கள்.

"தோண்டுங்க," மேரி சொன்னாள்.

"சேறும்மா."

"தோண்டுங்கண்ணே."

தோண்டினார்கள். முழங்கால் ஆழத்திலேயே ஊறியது. வாளியில் மொண்டு ஊற்றினார்கள். மொண்ட தண்ணீர் சரிவில் இறங்கி ஏரியில் சேர்ந்தது. அதே தண்ணீர் திரும்பி வருவது போலிருந்தது. லூர்துசாமி தன் வயலிலிருந்து டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து குழாயை இறக்கினார். எஞ்சின் புகை கக்கியது. குழி கொஞ்சம் வற்றியது. பக்கச் சுவர் ஒரு பெரிய துண்டாகச் சரிந்து உள்ளே விழுந்தது. எஞ்சினை நிறுத்தினார்கள்.

அந்த அமைதியில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பங்குச் சாமியார் குடையோடு மேட்டில் நின்றிருந்தார். அருண் வந்து பக்கத்தில் நின்றான். காலில் விமானத்தில் போட்டிருந்த அதே ஷூ.

"மாமா எங்கக்கா?"

"கலங்கல்ல."

"அப்பாவ எடுக்கற நேரத்துக்கு அங்க இன்னா பண்றாரு?"

அவள் சொன்னாள். அருண் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"ஒத்த மூட்டைக்கா இந்த ஏரி எறங்கும்? நீ பொறந்து வளந்தது இங்கதானக்கா?"

"எடுக்காம இருந்திருந்தா நாலாவது வரிசைக்கு வந்திருக்கும்," லூர்துசாமி குறுக்கே புகுந்தார். "மூட்டைதான்பா காரணம். எல்லாத்தையும் எடுத்திருக்கணும்."

மேரி சரிந்த குழியைப் பார்த்தாள். தண்ணீர் தெளிய ஆரம்பித்திருந்தது. உள்ளே எதுவும் தெரியவில்லை.

"மூடிடுங்க," என்றாள். "மேட்டுல வைங்க."

"அக்கா, அப்பா சொன்னது..."

"மூடுங்கடா. அம்மாவத் தண்ணிக்குள்ள தெறந்து போட்டு வெச்சிருக்கோம்."

மேட்டில் நிலம் கட்டாந்தரை. கடப்பாரை போட்டார்கள். அந்தப் பக்கம் இதுவரை யாரையும் வைத்ததில்லை. எந்தத் திசையில் வெட்டுவது என்று கேட்டார்கள். அம்மாவைப் பார்த்து வெட்டச் சொன்னான் அருண். கோயிலைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும் என்றார் லூர்துசாமி. கொஞ்ச நேரம் சத்தமாகப் பேசினார்கள். மேரி தலையிடவில்லை. கடைசியில் கல் குறைவாக இருந்த பக்கம் வெட்டினார்கள்.

தூக்கி வந்தார்கள். கடம்பனேரியிலிருந்து யாரும் வரவில்லை. சாமியார் மந்திரித்தார். ஒவ்வொருவராகக் கைப்பிடி மண் போட்டார்கள். குழி மூடி, குச்சிச் சிலுவை நட்டு, கோயிலில் மணி அடித்தது. ஈரக் காற்றில் மணி தண்ணீர் மேலே போயிற்று.

எல்லோரும் குளிக்கக் கலைந்தார்கள். பிரின்சி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். மேரி போகவில்லை. மேட்டில் உட்கார்ந்தாள். எழுந்தாள். பூமாலைகளைச் சரிசெய்தாள். கீழே போய் அம்மாவின் குழியை மூடிய சேற்றைக் காலால் மிதித்து அமர்த்தினாள். மேலே வந்தாள்.

மணி அடித்து ஒரு மணி நேரம் இருக்கும். சவரிநாதனின் பைக் தோட்டத்து வாசலில் நின்றது. வேட்டி இடுப்பு வரை நனைந்திருந்தது. கண்கள் சிவந்திருந்தன. நேற்று உடுத்தியிருந்த அதே சட்டை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார். அவருடைய கண் முதலில் மூன்றாவது வரிசைக்குப் போயிற்று. பிறகு மேட்டுக்கு வந்தது. புது மண்ணைப் பார்த்தார்.

"மூட்டைய வெச்சுட்டீங்களா?" மேரி கேட்டாள்.

"மணி கேட்டுச்சு. வெச்சுட்டேன்."

"மட?"

"நேத்தே மூடிட்டாங்க. கல்லு வெச்சு அடச்சு, மேல சாணி மெழுகிட்டாங்க."

"நீங்க பாத்துக்கினா இருந்தீங்க?"

"கலங்கல்லேர்ந்து தெரியுமே."

அவள் குரல் உயர்ந்தது. "எறங்காதுன்னு சொன்னீங்கல்ல. ஏரி பெருசுன்னு சொன்னீங்கல்ல. தெரிஞ்சிருந்தும் பொழுது போறதுக்குள்ள ஏன் வெக்கல? நான் இங்க குச்சி நட்டுக்கினு பைத்தியமாட்டம் அலையறேன். மூணு ஏக்கரு. எங்கப்பாவுக்கு மண்ணு போடக்கூட வரல நீங்க. ராத்திரி முழுக்க அங்க இன்னாத்துக்குக் குந்திக்கினு இருந்தீங்க?"

சவரிநாதன் குனிந்து புது மண்ணில் ஒரு பிடி அள்ளினார். ஈரக் கையில் அது ஒட்டிக்கொண்டது. குழியின் மேல் உதறினார். பாதிதான் விழுந்தது. மிச்சத்தை மறு கையால் வழித்துப் போட்டார்.

"நீ எடுத்துட்டியே," என்றார்.